எஸ்.எம்.பி.எஸ். மாத்தப் போறீங்களா? முதல்ல ஸ்டிக்கரைப் படிங்க!

போன செமஸ்டர்ல மன்னார்புரத்துல எங்க வாடகை வீட்டுல நடந்த கதை இது. மாதாந்திர பராமரிப்புக்காக காலையில நிறுத்தின கரண்ட் சாயங்காலம் வந்தது. ரூம்மேட் டெஸ்க்டாப் சுவிட்சைப் போட்டான். 'டப்'னு ஒரு சத்தம், பின்னாடியே கருகின வாசனை. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் நாலே நாள்.

எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தா பரவாயில்லை. அது மதர்போர்டையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடுச்சு. கம்ப்யூட்டர்ல மத்த பாகம் எது கெட்டாலும் பெரும்பாலும் அதோட போகும். எஸ்.எம்.பி.எஸ். எல்லாத்தோடயும் இணைஞ்சிருக்கிறதால, மோசமா கெட்டா மத்ததையும் கெடுத்துட்டுப் போகும். அதனால புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சுடுங்க.

கெட்டது அதுதானா?

சுவரில் வரும் 230 வோல்ட் ஏசி-யை 12, 5, 3.3 வோல்ட் டிசி-யாக மாற்றித் தருவதுதான் எஸ்.எம்.பி.எஸ். வேலை. அதைச் சோதிக்க, முதல்ல பிளக்கைப் பிடுங்கிட்டு, உள்ளே போற எல்லா கனெக்டரையும் கழட்டுங்க. 24 பின் கனெக்டர்ல பச்சை வயரையும் பக்கத்துல இருக்கிற கருப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சுட்டு, அப்புறம் பிளக்கை மாட்டி ஆன் பண்ணுங்க. ஃபேன் சுத்தினா உயிர் இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. மஞ்சள் வயருக்கும் கருப்பு வயருக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள்ள இருக்கணும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீங்க. உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே நிக்கும்.

'450 வாட்ஸ்' என்பது எந்த 450?

எங்க பழைய எஸ்.எம்.பி.எஸ்-ல பெரிய எழுத்துல '450' போட்டிருந்தது. கெட்ட பிறகுதான் பக்கத்துல இருந்த சின்ன அட்டவணையைப் படிச்சோம். 12 வோல்ட்டுக்கு நேரா 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க: 168 வாட்ஸ். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அப்படின்னா அந்த 450-ல நமக்கு உபயோகப்பட்டது 168தான்.

ஒழுங்கான 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்-ல 12 வோல்ட்டுக்கு மட்டும் 40 ஆம்பியருக்கு மேல இருக்கும். கடையில் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை வாட்ஸ்?' அல்ல, '12 வோல்ட்ல எத்தனை ஆம்பியர்?' என்பதுதான்.

உங்களுக்கு எவ்வளவு வேணும்?

எங்க சிஸ்டத்தையே கணக்கு போடுவோம். ஐ5-12400 பிராசஸர் டர்போவில் 117 வாட்ஸ் வரை இழுக்கும். ஜிடிஎக்ஸ் 1650 கார்டு 75 வாட்ஸ். ரெண்டும் சேர்ந்தாலே 192. மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஃபேன் எல்லாத்துக்கும் இன்னொரு 50, 60 சேர்த்தா 250. 168-ஐ வெச்சுக்கிட்டு இத்தனை நாள் ஓட்டினதே அதிசயம்தான்!

கூட்டி வரும் தொகையில் ஒன்றரை மடங்கு எடுத்துக்கங்க. எங்களுக்கு 400, 450 போதும். பின்னாடி ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி 170 வாட்ஸ் கார்டு போடுற எண்ணம் இருந்தா 550. அதுக்கு மேல வாங்கறது வீண் செலவு. இன்னொண்ணு, வெயில். மே மாசம் திருச்சியில 40 டிகிரி நமக்குப் புதுசில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ்-ல 40 அல்லது 50 டிகிரியில் முழு வாட்ஸ் தரும்னு போட்டிருக்கும். அதைத் தேடுங்க.

இன்வெர்ட்டர் வீடுகளுக்கு

2012 மின்வெட்டுக் காலத்துல நம்ம ஊர்ல நிறைய வீடுகளுக்கு இன்வெர்ட்டர் வந்தது. கரண்ட் போனதும் ஃபேன் நிக்காம சுத்தும், ஆனா கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். ஏன்? இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாற யூ.பி.எஸ். மோடுல சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும், சாதாரண மோடுல அதைவிட அதிகம். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் உள்ள சேமிப்பை வைத்துத் தாண்ட வேண்டும். தரமானது சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். மலிவானதில் கெப்பாசிட்டர் சின்னது, தாங்காது. அதனால இன்வெர்ட்டரை யூ.பி.எஸ். மோடுல வைங்க. முடிஞ்சா ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரா இருக்கட்டும்.

கேபினெட்டைத் தொட்டா 'சுர்'ருனு இருக்கா?

அது பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். குறை இல்லை, வீட்டுல எர்த் இல்லை. உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர்களால, எர்த் இல்லாத கேபினெட்டில் மெயின்ஸ் வோல்ட்டேஜில் பாதி வரை நிற்கும். புது எஸ்.எம்.பி.எஸ். போட்டாலும் இது போகாது. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஆக்குற அடாப்டரைத் தூக்கிப் போட்டுட்டு, வீட்டு ஓனர்கிட்ட சொல்லி எர்த்தைச் சரி பண்ண வைங்க.

கடைக்குப் போகும்போது

* பழைய எஸ்.எம்.பி.எஸ்-ஐ கையோட எடுத்துட்டுப் போங்க. சில பிராண்டட் ஆபீஸ் டெஸ்க்டாப்புல சைஸும் கனெக்டரும் வேற மாதிரி இருக்கும். சாதாரண ஏ.டி.எக்ஸ். பொருந்தாது.
* ஓவர் வோல்ட்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருக்கான்னு பாருங்க. மதர்போர்டைக் காப்பாத்துறது இதுதான்.
* '80 பிளஸ்' என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுன்னு சொல்லும் சான்று. ப்ரான்ஸ்னா 115 வோல்ட் சோதனையில், பாதி லோடுல குறைஞ்சது 85 சதவீதம். நல்ல அறிகுறிதான், ஆனா அது மட்டுமே தரத்துக்கு உத்தரவாதம் இல்லை.
* பின்னாடி 115/230 சுவிட்ச் இருந்தா 230-ல இருக்கான்னு பார்த்துட்டு மட்டும் பிளக் பண்ணுங்க.
* கழட்டி மாட்டுற மாடுலர் கேபிளா? பழைய கேபிளைப் புதுசுல மாட்டவே மாட்டாதீங்க. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டினா எஸ்.எஸ்.டி. காலி.
* வாரண்டி மூணு வருஷத்துக்குக் குறையாம இருக்கட்டும். பில் கேட்டு வாங்குங்க.

எங்களுக்கும் ஒரு கடையில மறுபடி '450 வாட்ஸ், 700 ரூபாய்தான் தம்பி'ன்னு ஒண்ணை நீட்டினாங்க. அட்டவணையைத் திருப்பிப் பார்த்தோம். 12 வோல்ட்டுக்கு நேரா அதே 14 ஆம்பியர். வேண்டாம்னு சொல்லிட்டு, மூணு பேர் காசைப் போட்டு ஒழுங்கான 550 வாங்கினோம். புது மதர்போர்டுக்கு ஆன செலவு அதைவிட அதிகம். ரிவ்யூவை ஃப்ரெண்ட் லேப்டாப்புல சமாளிச்சது தனிக்கதை. உங்க டெஸ்க்டாப் இப்ப நல்லாத்தானே ஓடுது? அப்போ இன்னைக்கே ஆஃப் பண்ணி, சைடு மூடியைக் கழட்டி, அந்தச் சின்ன அட்டவணையைப் படிச்சுப் பாருங்க.