மகளுடன் பத்தாம் வகுப்பு எழுதிய தாய்



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில், தம் மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தோடு ஒரு சகோதரி நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அதைக் கொடுத்துவிட்டு, தயங்கியபடியே இன்னொரு படிவம் கேட்டார். யாருக்கு என்று விசாரித்தோம். “எனக்குத்தான் காக்கா. பத்தாவது எழுதலாம்னு இருக்கேன்” என்றார். அப்போது அவருக்கு வயது 36. எங்கள் விதிப்படி 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உதவித்தொகை இல்லை. அதைச் சொல்லி அனுப்பிவிட்டோம். அவரும் சரி என்று போய்விட்டார். நாங்கள் அதை மறந்தும் போனோம்.

மறு ஆண்டு நேர்காணலுக்கு வந்த அவருடைய மகளிடம், வீட்டில் யார் பாடம் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டோம். “உம்மாவும் நானும் சேர்ந்துதான் படிக்கிறோம். இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் பத்தாவது” என்றது அந்தப் பிள்ளை. நாங்கள் திருப்பி அனுப்பியதால் அவர் நின்றுவிடவில்லை. ரவிக்கை தைத்த காசில் பாடப் புத்தகங்களும் வழிகாட்டி நூல்களும் வாங்கியிருக்கிறார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் பெண்கள் மதரஸாவின் ஆலிமா மூலமாக அவரிடம் விரிவாகப் பேசினோம். அவர் சொன்னவற்றை அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறோம். இது பல வீடுகளுக்குப் பயன்படும் என்று எண்ணுகிறோம்.

எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. உயர்நிலைப் பள்ளிக்குப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற வேண்டும். வீட்டில் சம்மதிக்கவில்லை. பிறகு நிக்காஹ், மூன்று பிள்ளைகள். கணவர் வளைகுடாவில். வாய்ஸ் மெசேஜிலேயே குடும்பம் நடந்தது. எழுத்தே தேவைப்படாத காலம் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தாராம்.

ஒருநாள் வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு போன் வந்திருக்கிறது. கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லச் சொன்னார்கள், இவர் சொல்லிவிட்டார். கணவர் அனுப்பிய அந்த மாதப் பணம் முழுவதும் போய்விட்டது. மாலையில் பள்ளி விட்டு வந்த மகள் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினாள். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுதான் அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம்.

“என் கையிலதான் போன் இருந்துச்சு. எச்சரிக்கையும் அதுலயே இருந்துச்சு. எனக்குத்தான் படிக்கத் தெரியல” என்று சொல்லியிருக்கிறார். மருந்துச் சீட்டு, பள்ளி வாட்ஸ்அப் குழு, ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் பிள்ளையை எதிர்பார்க்கும் தாயிடம் பிள்ளை எதை வேண்டுமானாலும் மறைத்துவிடலாம் என்பது அவருடைய கவலை. நவீன வாழ்க்கை பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஜும்ஆ மேடையில் பேசுகிறோம். அந்த வாழ்க்கையை வாசிக்கத் தெரிந்த ஒரு தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பேசினோமா?

“இந்த வயசுல என்ன படிப்பு?” என்று அவரிடம் கேட்டவர்கள் பலர். மார்க்கம் அப்படிக் கேட்கவில்லை. முதல் வஹீயே ஓதும்படியான கட்டளையோடு தொடங்கியது. பெருமானார் (ஸல்) அவர்களிடம் பெண்கள் தங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தரும்படி கேட்டார்கள், அவர்களும் ஒதுக்கிப் போதித்தார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக 2,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்கள் நமக்குக் கிடைத்துள்ளன.

நம் பாட்டிமார்களையும் நினைத்துப் பார்ப்போம். அவர்களில் பலர் அரபுத் தமிழ் கிதாபுகளைச் சரளமாக வாசித்தவர்கள். தமிழ் எழுத்துத் தெரியாததால் அவர்களைப் படிக்காதவர்கள் என்றே எண்ணிவிட்டோம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது சில வகுப்புகள்தான். ஆயினும் 1938இல் ‘காதலா? கடமையா?’ என்ற நாவலை வெளியிட்டார். பெண்கள் வாசிப்பது நம் சமுதாயத்துக்குப் புதிய பழக்கமல்ல.

இனி, இப்படிப் படிக்க விரும்பும் சகோதரிகளுக்கு உள்ள வழிகளைச் சொல்கிறோம்.

முதல் வழி, மாநில அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்புத் தேறாதவர்கள் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதலாம். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. தனித்தேர்வர்களும் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பலர் இதை அறியாமல் ஓர் ஆண்டை இழக்கிறார்கள். ஒரு பாடத்தில் தவறினால் அதை மட்டும் மீண்டும் எழுதினால் போதும்.

இரண்டாவது வழி, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். உச்ச வயது வரம்பு இல்லை. ஐந்து ஆண்டுகளுக்குள், ஒன்பது வாய்ப்புகளில், பாடம் பாடமாக எழுதி முடிக்கலாம். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது வசதி.

அதற்கு மேல் பட்டம் படிக்க, 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் சட்டமன்றச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை முடிக்காமல் நேரடியாகப் பெறும் பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. குறுக்கு வழி சொல்பவர்களிடம் பணம் கட்டுமுன், எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று எங்களிடம் வந்து விசாரியுங்கள்.

எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று அந்தச் சகோதரியிடம் கேட்டபோது, ஃபஜ்ருக்குப் பின் முக்கால் மணி நேரம், இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் என்றார். அந்த ஒரு மணி நேரம் முன்பு கைப்பேசியில் வீடியோ பார்த்த நேரமாம். உம்மா புத்தகம் எடுத்தால் பிள்ளைகளும் எடுத்தார்கள். அதட்ட வேண்டியிருக்கவில்லை. அவருடைய மாமியார் இரவுச் சமையலை ஏற்றுக்கொண்டார். அந்த மாமியைத்தான் நாங்கள் முதலில் பாராட்ட வேண்டும். கூலி உழைப்பு, முதியோர் பராமரிப்பு என்று இந்த நேரமும் கிடைக்காத தாய்மார்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. வீட்டார் ஆளுக்கொரு வேலையைப் பகிர்ந்துகொண்டால் அவர்களுக்கும் அந்த நேரம் கிடைக்கும்.

தேர்வு முடிவு வந்துவிட்டது. மகள் அனைத்திலும் தேறினாள், அல்ஹம்துலில்லாஹ். தாய் நான்கு பாடங்களில் தேறி, கணக்கில் தவறிவிட்டார். இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் மகளே கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்து, “வாங்க உம்மா, மறுபடி முதல் பாடத்துல இருந்து” என்றிருக்கிறாள். துணைத் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டார். இம்முறை தேர்வுக் கட்டணத்தை அறக்கட்டளை செலுத்தியது.

சென்ற மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தாய்மார்களுக்கான வயது வரம்பை நீக்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் பெண்கள் மதரஸாவில் பெண் ஆசிரியர்களைக் கொண்டு கணக்கு, ஆங்கில வகுப்புகள் நடக்கும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அறை உண்டு. பழைய பத்தாம் வகுப்புப் புத்தகங்களை எடைக்குப் போடாமல் அலுவலகத்தில் கொடுங்கள். உங்கள் வீட்டில் படிப்பை விட்ட மகளோ, மருமகளோ, தங்கையோ இருந்தால் அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சகோதரியின் கணக்குத் தேர்வுக்காகத் துஆச் செய்யுங்கள். அன்று அவரைத் திருப்பி அனுப்பியதற்காக அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக. ஆமீன்.