கடுகு விதையில் ஒரு தமிழ்ப் பாடம்



சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடப்புக்கு வந்தது. கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற்ற பெற்றோர் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கலாம். ஆனால், அந்தப் பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு எழுதணும். தாய்மொழியும் அதில் உண்டு.

இப்படிப் படிக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில, வாரம் ஒருநாள் கூடிச் சிறு பிள்ளைகளுக்குச் செய்முறைப் பாடம் நடத்துகின்றன. விதை போடுவது, களிமண் பிசைவது என்று பிள்ளைகளின் கை சும்மா இருக்காது. அந்த நேரத்தில் வாய் எந்த மொழி பேசுகிறது என்பதுதான் கேள்வி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. வீடே பள்ளி என்றிருக்கும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ் இல்லையென்றால், பிறகு எங்கே கிடைக்கும்? ஆகவே, வாரத்தில் அந்த ஒரு மணி நேரத்தையாவது தமிழில் நடத்துங்கள் என்கிறேன்.

ஒரு மாதிரிப் பாடம் பாருங்கள். பொருள்: கடுகு. தேக்கா சந்தைக்குப் பிள்ளைகளோடு போய் ஒரு சின்னப் பொட்டலம் வாங்குங்கள். மிளகு, வெந்தயம், சீரகம் ஆகியவற்றையும் தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்லட்டும்.

முதல் வாரம்: ஈரப் பஞ்சின்மேல் கடுகைத் தூவச் சொல்லுங்கள். செய்யும்போதே பேச வையுங்கள்: "என்ன பண்றே?" "கடுகு தூவுறேன்." "அடுத்து?" "தண்ணி ஊத்துவேன்." நம் ஊர் வெப்பத்தில் சில நாளிலேயே முளை விட்டுவிடும்.

இரண்டாம் வாரம்: "போன வாரம் என்ன செஞ்சே?" என்று கேளுங்கள். தூவினேன், ஊற்றினேன், முளைத்தது என்று இறந்தகாலம் தானாக வரும். வாயில் 'ஊத்தினேன்' என்று வந்ததைத் தாளில் 'ஊற்றினேன்' என்று எழுதிக் காட்டுங்கள். பேச்சுத்தமிழைத் தப்பு என்று தள்ளாதீர்கள். எழுத்துத்தமிழுக்கு அதுவே படிக்கட்டு.

மூன்றாம் வாரம்: கதை. வேதாகமத்தில் வரும் கடுகு விதை உவமை இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கூடவே "கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்ற பழமொழியையும் கொடுங்கள். ஒரு விதையில் பெயர்ச்சொல், வினைச்சொல், காலம், பழமொழி எல்லாம் அடங்கிவிட்டன.

இது புதுமை அல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகினார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கப் பாதிரியார் மெட்ராஸில் அதைப் பார்த்து, தாம் பொறுப்பேற்றிருந்த அநாதை இல்லப் பள்ளியில் கொண்டுவந்தார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கே வகுத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது.

வாரக் குழுக்களுக்கு இது ரொம்பவே பொருந்தும். அங்கே ஐந்து வயதுப் பிள்ளையும் பதினொரு வயதுப் பிள்ளையும் ஒன்றாக இருப்பார்கள். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, சின்னவன் 'கடுகு' என்று எழுதட்டும், பெரியவள் திருத்தட்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களே, அந்தப் 'பெரியவள்' நீங்கள்தான். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து, கண்டதைச் சொல்லி, ஏன் என்றும் விளக்கணும். தம்பிக்கோ தங்கைக்கோ "ஏன் தண்ணி ஊத்துறோம்?" என்று விளக்கிப் பாருங்கள். எந்தச் சொல் வாயில் வராமல் நிற்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நீங்கள் படிக்கவேண்டிய சொல் அதுதான்.