உயர்கணிதமும் பள்ளிக் கணக்கும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை நடத்துவோர் முதுகலை ஆசிரியர்கள். அந்தப் பணிக்கு எம்.எஸ்சி., பி.எட். இரண்டும் வேண்டும். எம்.எஸ்சி.யில் அவர்கள் படிப்பது குலம், வளையம், களம் என விரியும் இயற்கணிதம், ரியல் அனாலிசிஸ், டோபாலஜி. வகுப்பில் நடத்துவதோ அணிகள், நுண்கணிதம், நிகழ்தகவு. இரண்டையும் இணைக்கும் பாலத்தை ஆசிரியரே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையை முதலில் தெளிவாகச் சுட்டியவர் ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன். பல்கலைக்கழகத்தில் நுழையும் இளைஞர் பள்ளிக் கணக்கை மறக்கிறார். ஆசிரியராகத் திரும்பும்போது பல்கலைக்கழகக் கணிதத்தை மறக்கிறார். இதை இரட்டை முறிவு என்றார் கிளைன். முறிவைச் சரிசெய்ய, பள்ளிப் பாடங்களையே உயர்கணிதத்தின் பார்வையில் விளக்கி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வருங்கால ஆசிரியர்களுக்கு உரைகள் நிகழ்த்தினார். அவை 1908 முதல் நூலாக வெளிவந்தன.

அந்தப் பார்வை வகுப்பறைக்கு என்ன தரும்? கவராயமும் அளவுகோலும் கொண்டு கோணத்தை இரு சமபாகமாக்க மாணவர்கள் கற்கிறார்கள். மூன்று சமபாகமாக்க முடியுமா என்று ஒரு சிறுமி கேட்டால், ‘பாடத்தில் இல்லை’ என்பது பதிலாகாது. 60 பாகைக் கோணத்தை அப்படிப் பிரிக்க ஒரு முப்படிச் சமன்பாட்டின் தீர்வு தேவை. கவராயமும் அளவுகோலும் தருவது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றை மட்டுமே. அவற்றால் அந்தத் தீர்வை எட்டவே முடியாது. இதை 1837இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வான்ட்ஸெல் நிறுவினார். எம்.எஸ்சி. இயற்கணிதத்தில் இந்த நிரூபணம் வருகிறது. அதைப் படித்தவர், ‘இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை’ என்பதற்கும் ‘யாராலும் முடியாது என்று நிரூபித்தாகிவிட்டது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சிறுமிக்குச் சொல்ல முடியும். கணிதத்தின் உயிரே அந்த வேறுபாட்டில் இருக்கிறது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வருவதும் மனப்பாட விதி அல்ல, பங்கீட்டு விதியின் விளைவு என்பது வளையங்களைப் படித்தவருக்குத் தெரியும்.

ஆனால் பட்டம் பெருகினால் கற்பித்தல் தானாக மேம்படும் என்றும் சொல்வதற்கில்லை. ஆசிரியர் படித்த உயர்கணிதத் தாள்களின் எண்ணிக்கைக்கும் மாணவரின் தேர்ச்சிக்கும் வலுவான தொடர்பு இல்லை என்று அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் பெகில் 1970களில் கண்டார். கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒன்றே முக்காலை அரையால் வகுப்பதற்கு ஒரு கதைக்கணக்கு உருவாக்கும்படி அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை அவர் கேட்டார். ஒன்றே முக்கால் மீட்டர் துணியில் எத்தனை அரை மீட்டர் இருக்கிறது என்பது போன்ற கணக்கு போதும். அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் ஒருவர்தான் பொருந்தும் கணக்கைச் சொன்னார். பலர் அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதோடு குழப்பினார்கள். சீன ஆசிரியர் 72 பேரில் 65 பேர் சரியாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்தச் சீன ஆசிரியர்கள் முறையாகப் படித்த ஆண்டுகள் அமெரிக்கர்களைவிடக் குறைவு.

எனவே ஆசிரியருக்கான முதுகலைப் படிப்பில் உயர்கணிதமும் வேண்டும், அது பள்ளிக் கணக்கைத் தொடும் இடங்களும் வேண்டும். மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தின் ஆறாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.எட். படிப்பில் கணிதமும் கற்பித்தலும் சேர்ந்தே நடக்கின்றன. பணியில் இருந்துகொண்டே அஞ்சல்வழியில் எம்.எஸ்சி. முடிக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கோ வேறொரு வசதி உண்டு: மாணவர்களின் கேள்விகள் அன்றாடம் கையில் இருக்கின்றன. அவற்றையே ஒப்படைப்புகளாக ஏற்கும் பாடத்திட்டம் அவர்களுக்கு மிகவும் பயன்படும்.