சிறைவாயிலைக் கடந்த பின்னும் தொடர வேண்டிய சிகிச்சை

சிறையிலிருந்து ஒருவர் வெளியேறும் நாளில் அவருடைய காவல் முடிகிறது. அவருடைய நோய் முடிவதில்லை. நீரிழிவு, காசநோய், மனநோய் ஆகியவற்றுக்கு உள்ளே அன்றாடம் மருந்து பெற்றுவந்தவர், வெளியே வந்த சில நாள்களிலேயே மருந்தின்றி நிற்பதை நாங்கள் காண்கிறோம். அத்தகையோரின் குடும்பத்தினர் பலர் இதைப் பற்றிக் கேட்கவும் கூசுகின்றனர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

விடுதலைக்குப் பிந்தைய முதல் இரு வாரங்களே மிகவும் ஆபத்தானவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானோரைப் பற்றி 2007-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, அவ்விரு வாரங்களில் அவர்களின் இறப்பு அபாயம் பிறரைவிட ஏறத்தாழ 13 மடங்கு மிகுந்திருந்ததைக் காட்டியது. போதைப்பொருளே அதற்குத் தலையாய காரணம். பல மாதங்கள் விலகியிருந்த உடல், பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுகிறது. இதனைக் குடும்பத்தினர் கண்டிப்பாக அன்றி, கனிவாக எடுத்துரைக்க வேண்டும். அவர் உணர்விழந்தாலோ மூச்சுத் தளர்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

நம் நாட்டுச் சிறைகளில் உள்ளோரில் பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். பிணை ஆணை கிடைத்ததும் எதிர்பாராத வேளையில் வெளியேறுவதால், மருந்தும் மருத்துவக் குறிப்பும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆதலால் நேர்காணலுக்குச் செல்லும்போதே சிறை மருத்துவரின் சிகிச்சைக் குறிப்பைக் கேட்டுவையுங்கள். ஐக்கிய நாடுகள் அவை 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், கைதி தம் மருத்துவக் கோப்பைப் பார்க்கலாம் என்றும், அதற்காக வேறொருவரை நியமிக்கலாம் என்றும் கூறுகின்றன.

காசநோய்க்கு மருந்து உட்கொள்வோர் நிக்ஷய் பதிவு எண்ணைத் தவறாது குறித்துக்கொள்ளுங்கள். அவ்வெண்ணைக் கொண்டு எந்த அரசு மருத்துவ நிலையத்திலும் சிகிச்சையைத் தொடரலாம். இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகி, வீட்டிலுள்ளோருக்கும் பரவக்கூடும். எச்.ஐ.வி. தொற்றுக்கான கூட்டு மருந்துகள் ஏ.ஆர்.டி. மையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாற்றுக் கடிதம் இருந்தால் பணி எளிதாகும். மனநல மருந்துகளைத் திடீரென நிறுத்தலாகாது. ஐயம் எழுந்தால் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டிற்கே கொணர்ந்து தருகின்றனர்.

அறுவை சிகிச்சை போன்ற பெருஞ்செலவுக்குக் காப்பீடு வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதற்குக் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். விடுதலையானவரின் பெயர் குடும்ப அட்டையில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். இல்லையெனில் அதைச் சேர்ப்பதே முதற்பணி. இத்திட்டத்தில் முன்பே இருந்த நோய்க்கும் சிகிச்சை உண்டு. தனியார் காப்பீட்டிலோ அத்தகைய நோய்க்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். ஆயினும் விண்ணப்பத்தில் நோயை மறைக்க வேண்டாம். பின்னர் இழப்பீடு மறுக்கப்பட அதுவே காரணமாகும்.

இறுதியாக ஒன்று. எதற்காகச் சிறைக்குச் சென்றீர்கள் என்பதைப் புறநோயாளர் பிரிவில் சொல்ல வேண்டிய தேவை இல்லை. அங்கு என்ன மருந்து உட்கொண்டீர்கள், எப்போது நின்றது என்பவற்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு வந்தவர் பழைய மாத்திரையைச் சொல்லாமல் விட்டால், நாங்கள் தரும் மருந்தே அவருக்குத் தீங்காகலாம். நீங்கள் சொல்வது மருத்துவரின் காப்பில் இருக்கும். விடுதலையான முதல் வாரத்திலேயே அவரை ஒரு முறை அழைத்து வாருங்கள். குறிப்பு கையில் இல்லையென்றாலும் வாருங்கள்.