புற்றைக் குறிவைக்கும் முன் நல்ல உறுப்பைப் பாருங்கள்

அமெரிக்காவில் ஒரு நோயாளி. பெருங்குடலில் தொடங்கிய புற்று நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. புற்றுச் செல்களின் மேற்பரப்பில் ஹெர்-2 புரதம். அதைத் தேடித் தாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட அவருடைய சொந்த நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள், சுமார் 1,000 கோடி, ரத்தத்தில் ஏற்றப்பட்டன. 15 நிமிடங்களில் மூச்சுத் திணறல். ஐந்தாம் நாள் உயிர் போனது. நுரையீரலின் நல்ல செல்களிலும் சொற்பமாக இருந்த ஹெர்-2வை டி செல்கள் தாக்கியிருக்க வேண்டும் என்றது 2010இல் வெளியான மருத்துவ அறிக்கை.

இத்தனைக்கும் ஹெர்-2 பழகிய இலக்கு. அதே புரதத்தைப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998 முதலே மார்பகப் புற்றுக்குத் தரப்படுகிறது.

இன்று இலக்குகளைக் கணினியே வரிசைப்படுத்தித் தருகிறது. மனிதனின் சுமார் 20,000 புரத மரபணுக்களில் ஏறத்தாழ 2,900, செல்லின் மேற்பரப்புக்கு வரும் புரதங்களுக்கானவை என்று 2018இல் கணித்தார்கள். டிசிஜிஏ திட்டத்தில் 33 வகைப் புற்றுகளின் மரபணுத் தரவு இருக்கிறது. ஜிடெக்ஸ் திட்டத்தில் நல்ல உறுப்புகளின் தரவு. புற்றில் மிகுந்தும் உறுப்புகளில் அரிதாகவும் இருப்பதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவில் ஜிபிசி2 என்ற இலக்கு 2017இல் இப்படித்தான் அகப்பட்டது.

கவலை, நல்ல உறுப்புகளின் தரவைப் பற்றியது. ஜிடெக்ஸுக்குத் திசு தந்தவர்கள் எல்லோரும் பெரியவர்கள். சுமார் 85 விழுக்காட்டினர் வெள்ளையர். ஆசியர் இரண்டு விழுக்காடுகூட இல்லை. வளரும் குழந்தையின் மூளையில் எந்தப் புரதம் தலைகாட்டும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு துண்டுத் திசுவை மொத்தமாக அரைத்து ஆர்.என்.ஏ.வை அளந்தால், அதிலுள்ள அரிய செல்கள் சராசரியில் காணாமல் போகும். ரத்தப் புற்றுச் செல்களின் சிடி19 புரதத்தை, இதேபோல் மரபணு மாற்றிய டி செல்களால் தாக்கும் கார்-டி சிகிச்சைக்கு 2017இல் அனுமதி கிடைத்தது. மூளை ரத்தக் குழாய்களைச் சூழ்ந்த சில செல்களிலும் சிடி19 இருப்பது 2020இல், செல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. சில நோயாளிகளுக்கு வந்த நரம்புப் பாதிப்புக்கு அதுவும் காரணமாகலாம்.

வேறு வழியற்ற நோயாளியைக் காக்கவைக்க முடியாது, சிறிய அளவு டி செல்களுடன் தொடங்கினால் போதும் என்பாரும் உண்டு.

ஆனால் எந்த உறுப்பு தாக்கப்படும் என்று தெரியாமல் தொடங்குவது அந்த நோயாளிக்கே ஆபத்து. இந்தியாவில் உருவான சிடி19 கார்-டி சிகிச்சையும் 2023இல் அனுமதி பெற்றுவிட்டது. அடுத்த இலக்குகளை இங்கே தேடப்போகிறவர்களுக்கு, இந்தியரின் நல்ல திசுக்களும், குறிப்பாகக் குழந்தைகளின் திசுக்களும் அடங்கிய தரவு வேண்டும். புதிய இலக்குக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் அதற்கு ஒதுக்க வேண்டும்.