ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓசையற்ற ஒளித் தணிப்பு

வீணையின் ஒரு மீட்டு அடங்கி மறையும் தறுவாயில் அதன் பின்னே மெல்லியதோர் இரைச்சல் ஒலித்தால், அப்பதிவு பழுதுபட்டதே ஆகும். கூடத்தின் சுவர்களும் கதவுகளும் குறையின்றி அமைந்திருந்தும் இவ்விரைச்சல் நேர்வதுண்டு. அப்போது விளக்கொளியைக் குறைக்கும் குமிழைச் சற்றே திருப்பிப் பார்த்தல் வேண்டும். குமிழுடன் இரைச்சலும் மாறுமாயின் குற்றவாளி அகப்பட்டதாகக் கொள்ளலாம்.

நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும் விநாடிக்கு 50 சுற்றுகளும் உடையது. டிரையாக் கொண்டு இயங்கும் தணிப்பான், ஒவ்வோர் அரையலையின் முற்பகுதியையும் தடுத்துவிட்டு, எஞ்சிய பகுதியை மட்டும் திடீரெனத் திறந்துவிடுகிறது. இத்திறப்பு விநாடிக்கு 100 முறை, ஒவ்வொரு முறையும் சில மைக்ரோவிநாடிகளுக்குள் நிகழ்கிறது. இவ்வாறு வெட்டுண்ட அலையில் மூல அதிர்வெண்ணின் மடங்குகள் பல கலந்திருக்கும். அவற்றால் விளக்கின் இழை அதிர்ந்து தானே பாடும். மின்கம்பிகளோ அருகிலுள்ள ஒலிவாங்கிக் கம்பிகளிலும் மின் கிதாரின் சுருள்களிலும் இரைச்சலைத் தூண்டும். அலையின் உச்சியில் வெட்டு விழும் நடுநிலையிலேயே தொல்லை மிகுதி. இரைச்சல் செவிப்புல எல்லை முழுதும் பரவி நிற்பதால், இசைக்கு ஊறின்றி அதனைப் பின்னர் வடித்தெடுப்பது அரிது. நல்ல தணிப்பான்களில் உள்ள சோக்குச் சுருள் இதனைக் குறைக்குமேயன்றி ஒழிப்பதில்லை.

அலையை வெட்டாமல், அதன் உயரத்தை மட்டும் குறைப்பதே இதற்கு உரிய வழி. 1930-களில் அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனம் 'வேரியாக்' என்னும் பெயரில் விற்ற மாறுநிலை மின்மாற்றி இதனைச் செய்கிறது. நம் ஆய்வுக்கூடங்களில் இது 'டிம்மர்ஸ்டாட்' என்றே வழங்குகிறது. வளைய வடிவ இரும்பு உள்ளகத்தின்மீது ஒரே சுருள் சுற்றப்பட்டிருக்கும். கைப்பிடியைத் திருப்பினால், கார்பன் பிரஷ் ஒன்று சுற்றுகளின்மேல் நகர்ந்து வேண்டிய அழுத்தத்தை எடுத்துத் தரும். பிரஷ் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த இரு சுற்றுகளைத் தொடுவதால் அவற்றிடையே சுழல் மின்னோட்டம் எழக்கூடும். அதனைக் கட்டுப்படுத்தவே, செம்பை விடுத்துத் தடைமிக்க கரியைப் பயன்படுத்துகின்றனர்.

இழை விளக்கின் ஒளி அழுத்தத்தைவிட விரைவாகக் குறையும். அழுத்தம் பாதியாயின் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும். ஆனால் செலவாகும் திறன் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அழுத்தத்தை நூற்றுக்குப் பத்துக் குறைத்தாலே விளக்கின் ஆயுள் சுமார் நான்கு மடங்காகிறது. இதற்கு மாறாக, 270 வோல்ட் வரை தரும் கருவியை இறுதிவரை திருப்பினால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஆகவே 230 வோல்ட்டில் தடை வைத்துக்கொள்வது நலம்.

100 வாட் விளக்குகள் எட்டிற்குச் சுமார் 3.5 ஆம்பியர் தேவை. 4 ஆம்பியர் கருவி போதும் எனத் தோன்றினும், குளிர்ந்த இழை தொடக்கத்தில் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டத்தை இழுக்குமாதலின் 8 ஆம்பியர் கருவியே தக்கது. குமிழைச் சுழியில் வைத்துப் பின்னர் இணைப்பைப் போடுவதும் நல்ல பழக்கம்.

உருகிழையை (பியூஸை) வெளியீட்டுப் பக்கத்திலும் அமைத்தல் இன்றியமையாதது. பலர் இதனை மறந்துவிடுகின்றனர். வெளியீடு 23 வோல்ட்டில் நிற்கையில் பிரஷ்ஷில் 8 ஆம்பியர் ஓடினாலும் உள்ளீட்டில் 0.8 ஆம்பியரே ஓடும். உள்ளீட்டில் மட்டும் 8 ஆம்பியர் உருகிழை இருப்பின், அது உருகுமுன் பிரஷ் எரிந்துபோகும்.

இக்கருவி மின்வழங்கலிலிருந்து விளக்குகளைப் பிரித்து வைப்பதில்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். லைனும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், குமிழ் சுழியில் நின்றாலும் விளக்குக் கம்பிகள் இரண்டும் நிலத்தைப் பொறுத்து 230 வோல்ட்டில் இருக்கும். விளக்கை மாற்றுமுன் இரு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்சை அணைத்தாக வேண்டும்.

கருவியின் உள்ளகமும் சிறிது முரலும். ஆதலால் அதனை அடுத்த அறையில், ஒலிவாங்கிக் கம்பிகளுக்கு எட்ட வைப்பர். எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை இதற்கு இசைவதில்லை. அழுத்தம் குறைந்தாலும் அவற்றினுள் உள்ள மின்சுற்று ஒளியை மாறாமல் காத்து, ஓர் எல்லைக்குக் கீழே மினுக்கிட்டு அணைந்துவிடும். இரும்பு உள்ளக மின்மாற்றியுடன் கூடிய 12 வோல்ட் ஹாலஜன் விளக்குகளோ வேரியாக்குடன் நன்கு ஒத்துழைக்கின்றன.