சளிதானே என்று விடலாமா?

ஆடித்தபசு நெருங்க நெருங்க சங்கரன்கோவிலில் காற்று வேகம் பிடிக்கும். மலைக்கணவாய் வழியே வரும் அந்த மேற்குக் காற்று தெருப்புழுதியைக் கிளப்புகிறது. கோமதி அம்மனின் தபசுக் காட்சிக்குத் திரளும் கூட்டத்தில் கிருமி ஆள்விட்டு ஆள் மாறுகிறது. அந்த நாட்களிலும், பிறகு ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டிருப்பார். எல்லாவற்றுக்கும் ‘சளிக்காய்ச்சல்’ என்று ஒரே பெயர். மெடிக்கலில் வாங்குவதும் அதே நாலு மாத்திரை. ஆனால் வந்தது எப்படித் தொடங்கியது, காய்ச்சல் எப்படிப் போகிறது, மூச்சு என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கவனித்தாலே, எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தடுமமும் ஃப்ளூவும்

தடுமம் மெதுவாக ஏறும். முதலில் தொண்டை கரகரக்கும், அடுத்த நாள் தும்மலும் மூக்கு ஒழுகலும், அதன்பின் மூக்கடைப்பு. காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் தானே அடங்கிவிடும். மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்த நிறமாற்றம் தடுமத்தில் வழக்கமாக வருவதுதான். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

ஃப்ளூ அப்படியல்ல. காலையில் நன்றாகத் தறிக்குப் போனவர் மதியமே ‘மேலுக்கு முடியல’ என்று திரும்பி வந்து படுத்துவிடுவார். 102, 103 டிகிரி காய்ச்சல், குளிர்நடுக்கம், தலைவலி, இடுப்பும் காலும் முறிவதுபோல் வலி, வறட்டு இருமல். 2023 மார்ச்சில் எச்3என்2 ஃப்ளூ பரவியபோது தமிழக அரசு 10ஆம் தேதி ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. காய்ச்சல் மூன்று நாளில் இறங்கும், இருமல் மூன்று வாரம்வரை இழுக்கலாம், ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று இந்திய மருத்துவச் சங்கம் அப்போது அறிவுறுத்தியது.

கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை, இதய, சிறுநீரக, நுரையீரல் நோய் உள்ளவர்கள் அந்த மூன்று நாளைக் காத்திருந்து கழிக்கக் கூடாது. ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். கோவிட்டும் இதே முகத்தோடுதான் வருகிறது. பரிசோதனை செய்யாமல் இரண்டையும் பிரிக்க முடியாது.

தறிக்கூடத்து இருமல்

மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, தண்ணீராக ஒழுகல், அடுக்கடுக்காகத் தும்மல். ஆனால் காய்ச்சலும் இல்லை, மேல்வலியும் இல்லை என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. விசைத்தறி ஓடும் இந்த ஊரில் பஞ்சுத்தூசியை மறந்துவிட்டு இருமலைப் பற்றிப் பேச முடியாது. பஞ்சுத்தூசி நுரையீரலைப் பாதித்தவர்களுக்கு, விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுக்கமாக இருக்கும். பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத்தூளும் இருமலைக் கிளப்பும். லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடும் இருமல் என்றால், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

குழந்தையின் மூச்சை எண்ணுங்கள்

வீட்டில் ஒரேயொரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பிள்ளை அழும்போதோ பால் குடிக்கும்போதோ எண்ணினால் கணக்குத் தப்பும். மடியில் அமைதியாகக் கிடக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ண வேண்டும். பச்சைப்பிள்ளைக்கு மூச்சு ஒரே சீராக வராது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிப்படாது. 2 மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 என்று எண்ணிக்கை தொட்டால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டால், உதடு நீலம் பாரித்தால் 108ஐ அழையுங்கள்.

இருமல் சிரப்பை நீங்களாக ஊற்றிக் கொடுக்காதீர்கள். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்றும், 5 வயதுவரை பொதுவாகத் தேவையில்லை என்றும் சொன்னது. தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடாது. ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் பாத்திரத்தருகே குழந்தையைக் கொண்டுபோகவும் வேண்டாம்.

வயதானவர்களிடம் அடையாளம் வேறு. நிமோனியா வந்தும் காய்ச்சலே தெரியாமல் போகலாம். சாப்பாட்டை ஒதுக்குவார்கள், பேச்சு குழறும், பகலெல்லாம் தூங்கி வழிவார்கள். ‘வயசாகிப்போச்சு’ என்று விடாமல் கூட்டிப்போங்கள்.

சளி இல்லாத காய்ச்சல்

ஐப்பசி மழையில் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டுவலி. ஆனால் மூக்கு ஒழுகலோ இருமலோ இல்லை என்றால் டெங்குவை நினையுங்கள். இதில் காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து நேரம் தொடங்குகிறது. விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் தாமதிக்கக் கூடாது. பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையும் மேல்வலி ஊசியும் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

இரண்டு வாரம் தாண்டினால்

ஃப்ளூவின் மிச்ச இருமல் மூன்று வாரம் இழுக்கும் என்பதையே சாக்காகச் சொல்லி காசநோயைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். எடை குறைந்தால், மாலையில் காய்ச்சல் கண்டால், இரவில் வியர்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்று வந்துவிடும்.